உறையும் கத்தியும்

உத்திரமேரூர்க்காரர்களாகிய எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. வெளியூர் நண்பர் யார் வந்தாலும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று, மண்டபச் சுவரிலுள்ள கல்வெட்டைக் காட்டிவிட்டுத்தான் காப்பி வாங்கித் தருவோம். பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட குடவோலை விதிகள் அவை. வாரியத்துக்கு வருகிறவனின் வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. சொந்த மனையில் வீடு வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது. 'உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர்' என்று முடிப்போம். நானும் பலமுறை அப்படி முடித்திருக்கிறேன்.

அந்தக் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள கடைத்தெருவில்தான், திருமணமான புதிதில், நான் முதன்முதலாக ஆணுறை வாங்கினேன். மருந்துக்கடையில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். எனவே முதலில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினேன். அவர்கள் போனதும் கேட்க வந்ததைப் பாதிதான் கேட்டேன். கடைக்காரர் மீதியைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலேயே பழைய நாளிதழைக் கிழித்து, மடித்து, ரப்பர் வளையம் போட்டு, அதையும் ஒரு கறுப்புப் பையில் வைத்துக் கொடுத்தார். எலிமருந்தைக்கூட அவர் அவ்வளவு மறைத்துக் கொடுத்ததில்லை. மாதாமாதம் போகத் தொடங்கியதும் பழகிவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து, பொட்டலத்தை மடித்தபடியே அக்கறையோடு கேட்டார்: "வீட்ல இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?"

இக்கட்டுரை அந்தப் பொட்டலத்தைப் பற்றியது. நமக்கு எளிதில் கிடைக்கும் கருத்தடைச் சாதனங்களில் கத்தி படாதது, மருந்தாக உடலுக்குள் போகாதது, வேண்டாமென்றால் மறுநாளே விட்டுவிடக்கூடியது, அதோடு ஆண் தன் பொறுப்பில் கையாளக்கூடியது அது ஒன்றுதான். அதைத்தான் நாம் ஒளித்துவைத்திருக்கிறோம். ஒளித்துவைத்ததற்கான விலையைப் பெண்களின் அடிவயிற்றில் வசூலித்துக்கொண்டிருக்கிறோம். இதுவே என் தரப்பு. இதை என் சொந்த வாழ்க்கையை விட்டுவிட்டு எழுத முடியுமா என்று சில நாட்கள் யோசித்தேன். அப்படி எழுதினால் நானும் செய்தித்தாளில் சுற்றித் தருபவனாகவே ஆவேன் என்று தோன்றியது.

*

எங்கள் முதல் குழந்தை அறுவைசிகிச்சையில் பிறந்தது. இரண்டாவதும் அப்படித்தான். இரண்டாவது முறை என் மனைவியை அறுவை அரங்குக்குள் கொண்டுபோன சற்று நேரத்தில், மருத்துவமனை ஊழியர் ஒருவர் படிவத்துடன் வெளியே வந்தார்.

"சார், இதுல ஒரு கையெழுத்து. அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடுவாங்க. ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"அவங்க வேணாம்னு முன்னாடியே சொல்லியிருக்காங்களே."

"வயித்தத் தொறந்துதானே சார் வெச்சிருக்கு."

கெட்ட எண்ணத்தில் சொல்லப்பட்ட வாக்கியமல்ல அது. எல்லோருக்கும் சிரமத்தைக் குறைக்க நினைக்கிற, களைத்துப்போன ஒரு நல்ல மனிதரின் வாக்கியம். முதுகுத்தண்டில் ஊசி போட்டிருந்ததால் என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்கப்பட வேண்டியவள் ஒரு கதவுக்கு அப்பால் இருந்தாள். கேட்கப்பட்டவன் நான். அரசின் வழிகாட்டு நெறிகளின்படி கருத்தடை அறுவைக்கு வாழ்க்கைத்துணையின் ஒப்புதல் தேவையே இல்லை. அறுவை செய்துகொள்பவரின் ஒப்புதல்தான் வேண்டும், அதையும் பிரசவ வேதனையிலோ மயக்க மருந்தின் பிடியிலோ இருக்கும்போது வாங்கக் கூடாது. இதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்திருந்ததெல்லாம், முந்தைய வாரம் அவள் சொன்னது மட்டும்தான்: "முடிவு பண்ணணும்னா எழுந்து நடமாடும்போது பண்ணிக்கறேங்க. படுத்துக் கெடக்கும்போது யாரும் எனக்காகப் பண்ண வேணாம்."

நான் கையெழுத்திடவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கோபம்.

"போட்டுக் குடுத்துடுடா. அவளுக்கும் நிம்மதி."

"நாங்க பாத்துக்கறோம்மா."

"நீ என்னத்தடா பாத்துக்குவே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. பெற்ற தாயிடம் அதைச் சொல்லத்தக்க சொல்தான் என்னிடம் இல்லை.

*

சொல் இல்லை என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 'ஆணுறை' என்பது பத்திரிகைகளும் அரசு விளம்பரங்களும் எழுதும் சொல். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'நிரோத்' அரசு கொடுத்த வடசொல். 'காண்டம்' என்று இளைஞர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள், அதுவும் சிரிப்புடன்தான். ஏரிக்கரையில் கண்டெடுத்து ஊதி விளையாடும் சிறுவர்களுக்கு அது 'பலூன்'. மனைவி கணவனிடமும், மகன் தாயிடமும், செவிலியர் நோயாளியிடமும் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒரு வீட்டுச் சொல் அதற்கு உருவாகவே இல்லை.

பெண்ணின் அறுவைக்கோ சொற்பஞ்சமே கிடையாது. 'ஆபரேஷன் பண்ணியாச்சா?' என்று கல்யாண வீட்டில், நூறு நாள் வேலையில், நடவு வயலில், ரேஷன் வரிசையில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெண்ணையும் கேட்கலாம். என்ன ஆபரேஷன் என்று விளக்க வேண்டியதில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டா' என்பது அன்றாட வாக்கியம். 'பண்ணிக்கிட்டான்' என்ற ஆண்பால் வினையை என் வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் போதும். குடும்பம் என்ற சொல்லில் இருவர் இருக்கிறார்கள். கட்டுப்பாடு என்று வந்ததும் ஒருவர் காணாமல் போய்விடுகிறார்.

மொழி சொல்வதையே புள்ளிவிவரமும் சொல்கிறது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 37.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 57.8 விழுக்காடு. ஆண்களுக்கான அறுவை இந்திய அளவில் 0.3 விழுக்காடு. ஆணுறை 9.5. அதே கணக்கெடுப்பில், கருத்தடை என்பது பெண்களின் சமாசாரம், ஆண்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் மூவரில் ஒருவருக்கு மேல். எஞ்சியவர்களும் வாயளவில்தான் மறுத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த 0.3 சான்று.

ஆண்களுக்கான அறுவை எத்தனை சிறியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விதைப்பையின் தோலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, கத்தியில்லாமல் ஒரு சிறு துளையிட்டு, விந்துக்குழாயைத் துண்டிப்பார்கள். சில நிமிடங்களில் முடியும், அன்றே வீட்டுக்கு நடந்து வரலாம். பெண்ணுக்கு வயிற்றுக்குள் செல்ல வேண்டும், மயக்க மருந்தும் வேண்டும், ஆபத்தும் அதிகம். ஆனாலும் எங்கள் ஊரில் ஆணின் வீரியம் போய்விடும் என்கிறார்கள். பெண்ணுக்கு எது போனாலும் பரவாயில்லை போலும்.

*

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1877-இல் லண்டனில் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக சார்லஸ் பிராட்லாவுடன் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அன்னி பெசன்ட். தன் மகளை வளர்க்கும் உரிமையையே அதனால் இழந்தார். பின்னர் பிரம்மஞான சபையில் சேர்ந்ததும் அக்கருத்துகளைக் கைவிட்டு, கருத்தடை குறித்துத் தானே எழுதிய நூலையும் 1891-இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். சென்னை அடையாற்றில் நாம் கொண்டாடியது ஞானியாகிவிட்ட அன்னி பெசன்ட்டை. கூண்டில் நின்ற இளம்பெண்ணை நமக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். காந்தி கருத்தடைச் சாதனங்களை ஏற்கவில்லை. புலனடக்கமே வழி, பெண் தன் கணவனை மறுக்கக் கற்க வேண்டும் என்றார். மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் அவருக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெரியார் 'குடி அரசு' பக்கங்களில் வேறொன்றைச் சொல்லிவிட்டிருந்தார். பிறர் நாட்டின் வறுமையைச் சொல்லியும் தாயின் உடல்நலத்தைச் சொல்லியும் கர்ப்பத்தடையை ஆதரிக்கையில், தாம் பெண்ணின் விடுதலைக்காகவே அதைக் கோருவதாக எழுதினார். இந்த வேறுபாடு மிக முக்கியமானது. மக்கள்தொகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் யார் வயிற்றை அறுத்தாலும் நோக்கம் நிறைவேறிவிடும். விடுதலைதான் நோக்கம் என்றால் யார் முடிவெடுத்தது என்ற கேள்வி வந்தே தீரும். பெரியாரின் படத்தை மாட்டியிருக்கும் மாநிலம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டது.

1968-இல் மத்திய அரசு நிரோத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்று உறைகள் 15 பைசா. தேயிலையும் சோப்பும் விற்கும் பெரிய நிறுவனங்களின் விநியோக வண்டிகளிலேயே அது பெட்டிக்கடைகள்வரை போயிற்று. 1969-இல் திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆணுக்கான அறுவையும் அப்போது விலக்கப்பட்டதாக இல்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். தேயிலைத்தூளைப் போல நிரோத் விற்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதை இன்றைய கறுப்புப் பைக் கடைக்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ஆம் ஒரே ஆண்டில் நாடு முழுதும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள். அவற்றில் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு. வடக்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்த கொடுமைகளை நாடறியும். 1977 தேர்தலில் அதற்கு விலை கொடுக்கப்பட்டது. அதிலிருந்து நம் அரசியல்வாதிகள் கற்ற பாடம், மனிதர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் கற்றதோ, ஆண்களைத் தொடக் கூடாது என்பது. கத்தி அப்படியே பெண்கள் பக்கம் திரும்பியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், ஒரே அறுவை மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பெண்கள் இறந்ததற்காக எந்த ஆட்சியும் கவிழவில்லை.

*

ஆணுறைக்கு இரண்டாவது வாய்ப்பு எய்ட்ஸ் மூலமாக வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். அதன்பின் நடந்த பிரச்சாரங்கள் பெரும் தொண்டு என்பதில் ஐயமில்லை. 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற சுவரெழுத்தை மறந்தவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அது பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் அது வேறொன்றையும் செய்தது. ஆணுறை என்பது புள்ளி ராஜாக்களுக்கானது, வீட்டுக்கு வெளியே போகிறவனுக்கானது என்று ஊர் மனத்தில் எழுதிவிட்டது. அன்றுமுதல் சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருக்கும் கணவன் மனைவிக்குத் துரோகம் செய்கிறவன். அவனிடம் அதைக் கேட்கும் மனைவியோ அவனைச் சந்தேகிக்கிறவள். இரண்டும் இல்லாமல், சும்மா பிள்ளை வேண்டாம் என்பதற்காக அதை வைத்திருக்கும் தம்பதியருக்கு இடமே இல்லாமல் போயிற்று.

2005-இல் நடிகை குஷ்பு ஒரு வார இதழில், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கருவிலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். துடைப்பமும் செருப்பும் தூக்கப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்யும்வரை அவர் அலைந்தார். கற்பு பற்றி அன்று ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டன. 'காத்துக்கொள்ள வேண்டும்' என்ற பாதியைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர்.

*

எங்கள் வீட்டிலும் ஒளிக்கத்தான் செய்தோம். கூட்டுக் குடும்பம். மூன்று அறைகள், இரும்பு பீரோவுக்கு ஒரே சாவி, அதுவும் அம்மாவிடம். எனவே பொட்டலத்தை என் இருசக்கர வண்டியின் பெட்டியில் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் வண்டி நாளெல்லாம் வெளியே நிற்கும். ஒருநாள் உறை கிழிந்துவிட்டது. வெப்பம் ரப்பரை நலியச் செய்யும் என்பதோ, தேங்காய் எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே அதன் வலு போய்விடும் என்பதோ, உறையின் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும் என்பதோ எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. உர மூட்டையில்கூடத் தேதி பார்த்து வாங்கும் ஊர் எங்களுடையது.

மறுநாள் அவசரகாலக் கருத்தடை மாத்திரைக்காக நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று 2005-இலேயே அனுமதிக்கப்பட்ட மாத்திரை அது. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அதைக் காண்பது அரிது. ஒரு கடைக்காரர் இல்லை என்றார். இன்னொருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த பதினைந்து நாட்களை என் மனைவி எப்படிக் கழித்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது. சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை அவள் பார்க்கும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுவேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கோழைத்தனம் என்னுடையது.

'ஆணுறை நம்பத்தக்கதல்ல' என்று சொல்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் நூறு பெண்களில் இரண்டு பேர் கருவுறுவார்கள் என்பது மருத்துவக் கணக்கு. மனிதர்கள் உள்ளபடி பயன்படுத்தும்போது அது பதின்மூன்றாகிறது. இடையிலுள்ள பதினொன்றில் ரப்பரின் குற்றம் எவ்வளவு? கேட்கக் கூசியது, படிக்கக் கூசியது, வெயிலில் ஒளித்தது, இன்று ஒருநாள் வேண்டாம் என்றது, இவைதாம் பெரும்பகுதி. வெட்கத்தினால் அது தோற்கிறது. தோற்றுவிட்டது என்று சொல்லி மேலும் வெட்கப்படுகிறோம்.

வலுவான மறுப்பு வேறொன்று இருக்கிறது. அதைச் சொன்னவர் என் பக்கத்து வீட்டு அக்கா. "நீ சொல்றதெல்லாம் சரிதான் தம்பி. குடிச்சிட்டு வர்ற ஆம்பளகிட்ட ஒற போட்டுக்கன்னு எவ சொல்லுவா? அறுத்துக்கிட்டா நாம பயமில்லாமத் தூங்கலாம்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆணின் தயவை நம்பும் சாதனத்தைவிட, வலியானாலும் தன் கைக்குள் இருக்கும் அறுவை மேல் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அது அறிவான முடிவு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை ஆண்களாகிய நாம் ஒருமுறை நின்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பெண்கள் அறுவையைத் தேர்ந்தார்கள் என்கிறோம். அவர்களில் எத்தனை பேர் எங்களை நம்ப முடியாததால் தேர்ந்தார்கள்?

*

இலக்கியம் படிக்கிறவர்களாகிய நாமாவது இதைப் பேசியிருக்கலாம். 2002-இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது எழுந்த வசைகளை எதிர்த்து நின்றோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' மீதான தாக்குதலின்போது எழுத்துரிமை பேசினோம். இரண்டும் சரியே. உடலை எழுதுவது, காமத்தை எழுதுவது என்று இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் விவாதித்தும் வருகிறோம். ஆனால் நான் படித்த புனைவுகளில் ஆணுறை பெரும்பாலும் மூன்று வேடங்களில்தான் வருகிறது: சிறுவர் ஊதும் பலூன், துரோகத்தின் தடயம், விடுதி அறையின் குப்பை. ஒரு கணவனும் மனைவியும் படுக்கையில், 'இருக்கிறதா?' 'தீர்ந்துவிட்டது' என்று பேசிக்கொள்ளும் ஒரு சாதாரண இரவை நான் இன்னும் படிக்கவில்லை. நம் நாயகர்கள் பித்தேறிப் புணர்கிறார்கள். மறுமாதம் என்ன ஆயிற்று என்பது ஆசிரியனுக்குத் தேவைப்படுவதில்லை. 'அதில் என்ன அழகியல் இருக்கிறது?' என்று ஒரு நண்பர் கேட்டார். மரத்துப்போன உடலோடு மேசையில் கிடக்கும் பெண்ணின் கருக்குழாயை, வெளியே நிற்பவனின் கையெழுத்தை வாங்கி அறுப்பதில் எந்த அழகியல் இருக்கிறதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

கல்வெட்டைக் காட்டி இப்போதும் நண்பர்களிடம் பேசுகிறேன். குடத்தில் போட்ட ஓலைகளில் ஒரு பெண்ணின் பெயர்கூட இருந்திராது என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறேன். கணக்குக் காட்டாதவன் நிற்கத் தகுதியற்றவன் என்ற வரிக்கு வரும்போது மட்டும் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு அறுவை நடந்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்ட ஒரு முகாமில். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாயில் படுக்கவைத்திருந்தார்களாம். அப்பா எங்கே இருந்தார் என்று சென்ற வருடம்தான் கேட்டேன்.

"வெளிய பீடி புடிச்சிக்கிட்டு நின்னாரு," என்றாள் அம்மா. "வேற என்ன பண்ணுவாரு?"